யூ.பி.யூ. பட்டியலில் சினிமா: வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். படிவம் ஆறின் இறுதியில் எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், எல்லாரும் திரைப்படப் படிப்பைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

அக்கா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் படிவம் ஆறு. அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார், அம்மாவுக்குப் பள்ளியில் துப்புரவு வேலை. பெரியம்மா மகன் கொடுத்த பழைய கேனன் 700டி கேமரா என்னிடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்க ஆசை. 'உன் மார்க்குக்குப் பொருளாதாரம் கிடைக்கும், அதை எடு' என்கிறார் ஆசிரியர். நேர்முகத் தேர்வுக்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது நாம் எடுத்த படங்களின் தொகுப்பு, கேட்பார்களாம். தோட்டத்தில் இருந்துகொண்டு எதைப் படம் எடுப்பது? கோலாலம்பூர் பிள்ளைகளோடு நான் போட்டி போட முடியுமா?
— மாணவி, சுங்கை சிப்புட்

முடியும் தங்கச்சி. உன் கடிதத்தில் இருக்கும் லோரியும் துப்புரவு வேலையும் உனக்குக் குறையாகத் தெரிகின்றன. எனக்கு அவை இரண்டும் போர்ட்ஃபோலியோவாகத் தெரிகின்றன. ஆனால் அதற்கு முன்னால் மார்க்கைப் பேசிவிடுவோம்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப முறை வழியாகப் போகும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. சினிமாவுக்கு மார்க் வேண்டாம், திறமை இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. புள்ளி போதவில்லை என்றால் உன் படத்தை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மூன்று தவணையையும் விட்டுக்கொடுக்காமல் படி. மூயெட் ஆங்கிலத் தேர்வையும் தள்ளிப் போடாதே. புறப்பாடத்தில் பள்ளி இதழுக்குப் படம் எடுப்பது, புகைப்படக் கழகத்தில் பொறுப்பு வகிப்பது எல்லாம் கணக்கில் வரும். உங்கள் பள்ளியில் அப்படி ஒரு கழகம் இல்லை என்றால் ஆசிரியரைப் பிடித்து ஆரம்பிக்கச் சொல்லு, நீயே தலைவியாக இரு.

எங்கே விண்ணப்பிப்பது? பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், அதாவது யூ.எஸ்.எம்.மில், தகவல் தொடர்புத் துறைக்குள் திரைப்படமும் ஒளிபரப்பும் சொல்லித் தருகிறார்கள். சரவாக்கில் யுனிமாஸ் பல்கலைக்கழகத்தின் கலைத் துறையில் ஒளிப்பதிவு தனிப் படிப்பாகவே இருக்கிறது. கோலாலம்பூரில் அஸ்வாரா. 1994-இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கிய கூடம் அது. அங்கே திரைப்படத்துக்கும் காணொளிக்கும் தனிப் பிரிவு உண்டு, ஆளைப் பார்த்துப் பேசித்தான் எடுப்பார்கள். யூ.ஐ.டி.எம்.மிலும் நல்ல திரைப்படப் பிரிவு இருக்கிறது, ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கானது. அதை நினைத்து நாளைக் கடத்தாதே. நேர்முகத் தேர்வு உள்ள படிப்புகளுக்கு யூ.பி.யூ. பட்டியலிலேயே குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறியைப் பார்த்துவிட்டு விருப்ப வரிசையைப் போடு.

இப்போது படத்துக்கு வருவோம். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் என் ஸ்டூடியோவுக்குப் படங்களைக் காட்ட வருகிறார்கள். பத்துப் பேர் கொண்டுவந்தால் எட்டுப் பேரிடம் அதே படங்கள்தான். தைப்பூசக் காவடி, இரட்டைக் கோபுரம், சூரிய அஸ்தமனம், வாடகைக்கு எடுத்த உடுப்பில் ஒரு தோழி. கெட்ட படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றைப் பார்த்து, எடுத்த பிள்ளை எங்கே வளர்ந்தது, எதைக் கவனித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர் ஒரே நாளில் எத்தனை காவடி பார்த்திருப்பார் என்று யோசித்துப் பார். உன்னுடையதை அவர் நினைவில் வைத்துக்கொள்ள என்ன காரணம் இருக்கிறது?

ஒரே விஷயத்தை எடுத்துக்கொள். பத்து விஷயத்துக்குப் பத்துப் படம் வேண்டாம், ஒரு விஷயத்துக்குப் பத்துப் படம் வேண்டும். அப்பாவின் லோரியையே எடுத்துக்கொள்ளேன். விடியற்காலையில் அவர் முன்கண்ணாடியில் படிந்த பனியைத் துணியால் துடைப்பார் இல்லையா, அங்கிருந்து ஆரம்பி. தோட்டத்துக்குள் குலையைக் குத்தி ஏற்றும் கம்பி, ஏற்றும்போது உதிர்ந்து வண்டித் தட்டில் உருளும் பழம், ஆலை வாசலில் எடை மேடைக்கு வரிசை பிடித்து நிற்கும் நேரம், அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார், யாரோடு பேசுகிறார், சோற்றுப் பாத்திரத்தை எங்கே வைத்துத் திறக்கிறார். வீடு வந்ததும் சட்டையில் எண்ணெய்க் கறை எந்த இடத்தில் இருக்கிறது. இதையெல்லாம் கோலாலம்பூர் பிள்ளை ஒரு நாள் பஸ் பிடித்து வந்து எடுத்துவிட முடியாது. அவர் லோரியில் உன்னை ஏற்றிக்கொள்வார், அவர்களை ஏற்றிக்கொள்ள மாட்டார்.

நான் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது என் அம்மாவின் கைகளை மட்டும் எடுத்த படங்களைக் கொண்டுபோனேன். அம்மா ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரர். பால் காய்ந்து முழங்கை வரைக்கும் மெல்லிய தோல் மாதிரி ஒட்டியிருக்கும். சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து அதை உரித்து உரித்து உருண்டையாக்குவார். எங்கள் லயத்துப் பிள்ளைகள் அந்த உருண்டையை வைத்துத்தான் பந்து விளையாடுவோம். ஒரு பேராசிரியர் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் விடியுமுன்னே வெட்டப் போகிறார்கள் என்று கேட்டார். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் நன்றாக இருக்கும், பால் தாராளமாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும் என்று சொன்னேன். அதற்கப்புறம் கேமராவைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. தோட்டத்தைப் பற்றித்தான் கடைசி வரைக்கும் பேசினோம்.

காணொளியும் கேட்டால் மூன்று நிமிடம் போதும். ஒரு ஆள், ஒரு இடம், ஒரு வேலை. அம்மா வகுப்பறையைப் பூட்டிவிட்டு வருவதற்குள் என்னென்ன செய்கிறார் என்பதே ஒரு முழுப் படம். பாட்டைப் போட்டு மூடிவிடாதே. துடைப்பம் சிமென்ட் தரையில் போகிற சத்தம், நாற்காலியை மேசை மேல் கவிழ்க்கிற சத்தம், இவற்றைப் பக்கத்தில் போய்ப் பதிவு செய். இன்னொரு கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு அம்மாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டால் போதும், மைக் வாங்கத் தேவையில்லை. வெட்டி ஒட்டுவதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு கிடைக்கிறது. தொழில் செய்கிற நானே அதில்தான் வேலை பார்க்கிறேன்.

உன் ஆசிரியர் சொன்னதைத் தட்டிவிடாதே. விருப்ப வரிசையில் சினிமாவை மேலே போட்டுவிட்டுப் பொருளாதாரத்தைக் கீழே வை. கிடைத்த பிறகு முடிவெடுக்கலாம்.

என் மகன் சினிமாதான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். ஒரு தனியார் கல்லூரியின் ஆள் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நோட்டீஸ் கொடுத்து, உடனே பணம் கட்டினால் இடம் உறுதி என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தப் படிப்பை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா அம்மா?
— ஒரு தந்தை, லிந்தாங்

ஐயா, உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பதிவேடு இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, மகன் எடுக்கப் போகிற படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கிடைக்காது. நோட்டீஸ் கொடுத்தவரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

தனியாரில் தரமான இடங்கள் இல்லாமல் இல்லை. எம்.எம்.யூ.வின் திரைக்கலைப் படிப்பு அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு உருவானது. சன்வேயிலும் திரைப்படப் பட்டப் படிப்பு உண்டு. ஆனால் கட்டணம் அரசாங்கப் பல்கலைக்கழகத்தைவிடப் பல மடங்கு. பி.டி.பி.டி.என். கொடுப்பது கடன், மகன்தான் திருப்பிக் கட்ட வேண்டும். இதை அவனோடு உட்கார்ந்து தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. தரும் கல்விக் கடனையும் விசாரித்து வையுங்கள்.

பிழைப்பைப் பற்றி நேராகவே சொல்கிறேன். முடித்துவிட்டு வெளியே வந்ததும் மாதச் சம்பள வேலை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பலர் நாள் கூலிக்குத்தான் படப்பிடிப்புக்குப் போகிறார்கள். ஆர்.டி.எம்.முக்கும் ஆஸ்ட்ரோவுக்கும் தமிழ் நாடகங்கள் எடுக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். விளம்பரம், கல்யாணம், நிறுவனக் காணொளி எல்லாம் இருக்கின்றன. நான் கல்யாண வேலையில்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன். அந்த வருமானம்தான் எனக்கு வேண்டிய படத்தை எடுக்க நேரம் கொடுக்கிறது. நம் பிள்ளைகளால் மேலே போக முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் கதையைச் சொன்ன 'ஜகாட்' 2015-இல் திரைக்கு வந்தது. மறு ஆண்டே மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்று விருது வாங்கியது. நம் தெருவில் பேசுகிற தமிழில் எடுத்த படம் அது.

மகன் இதுவரை என்ன எடுத்திருக்கிறான் என்று கேட்டுப் பார்த்தீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். காட்ட ஒன்றுமே இல்லை என்றால், இன்னும் ஒரு வருடம் எடுத்துப் பழகட்டும். நிறைய இருந்தால் தடுக்காதீர்கள் ஐயா.

நேர்முகத் தேர்வு மலாயில் நடக்குமா? தமிழ்ப்பள்ளியில் படித்தேன், மலாய் எழுதுவேன், பேச வாய் வராது.
— மாணவர், கோல கங்சார்

அரசாங்கக் கூடங்களில் மலாயில்தான் நடக்கும் என்று நினைத்துத் தயாராகு தம்பி. மனப்பாடம் செய்யாதே. உன் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பது யார், எங்கே, ஏன் அங்கே நின்று எடுத்தாய், வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது, இந்த நாலையும் மலாய்க்கார நண்பன் ஒருவனிடம் தினமும் சொல்லு. வேறு வேறு படம், அதே நாலு கேள்வி. அவன் குறுக்கே கேள்வி கேட்கட்டும். வார்த்தை வராவிட்டால் கையால் காட்டு, சினிமாவில் அதுவும் பேச்சுத்தான்.

அக்கா, கோயில் திருவிழாவில் எங்கள் ஆட்களைப் படம் எடுத்தால் முகம் ஒன்று கறுப்பாகப் போகிறது, இல்லாவிட்டால் சாம்பல் பூசிய மாதிரி வருகிறது. மண்டபத்துக்குள் காணொளி எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறது. கேமரா கெட்டுவிட்டதா?
— மாணவர், சுங்கை சிப்புட்

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கேள்விக்காக உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருக்கிறது தம்பி. நம் முகத்தை நாமே சரியாக எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், வேறு யார் நமக்காக இதற்கு மெனக்கெடப் போகிறார்கள்?

கேமராவின் ஒளிமானிக்கு மனிதரைத் தெரியாது. தான் பார்ப்பதெல்லாம் சராசரியாக 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்து அளக்கிறது. பின்னால் வெள்ளைச் சுவரோ வெளுத்த வானமோ இருந்தால், 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று எல்லாவற்றையும் குறைத்துவிடும், நம் முகம் இருட்டில் போய்விடும். ராத்திரியில் கறுப்புப் பின்னணியில் முகத்தை நெருக்கி எடுத்தால் நேர்மாறாக, வெளிச்சம் போதவில்லை என்று ஏற்றிவிடும். அப்போதுதான் அந்தச் சாம்பல் நிறம் வருகிறது. கைப்பேசியானால் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடி, அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலேயோ கீழேயோ நகர்த்தி வெளிச்சத்தைச் சரிசெய். பெரிய கேமராவில் புள்ளி அளவீட்டை (ஸ்பாட் மீட்டரிங்) வைத்து முகத்தை மட்டும் அளந்துகொள். அளவு பிடித்த பிறகும் கண்ணால் பார். கறுத்த தோலை வெளுப்பாகக் காட்ட வேண்டியதில்லை. உன் தாத்தா எந்த நிறமோ அந்த நிறத்தில் வரவேண்டும். கைப்பேசியில் முகத்தை மினுக்கும் வசதி இருக்கும், அதைத் தேடி அணைத்துவிடு.

கறுத்த தோலுக்கு நேருக்கு நேர் அடிக்கும் பிளாஷ் ஆகாது. நெற்றியும் மூக்கும் மட்டும் பளிச்சிடும், கன்னம் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சம்தான் அழகு. சன்னலோரம், லயத்துத் தாழ்வாரம், கோயில் மண்டபத்து வாசல் மாதிரி நிழலும் திறந்த வானமும் சந்திக்கிற இடத்தில் நிற்கவை. மறுபக்கத்தில் ஒரு வெள்ளைப் பாலிஸ்டிரின் பலகையை யாராவது பிடித்தால் போதும், கன்னத்தின் வளைவு எழுந்து வரும். மீன்கடைக்காரரிடம் கேட்டால் பெட்டி மூடி சும்மாவே கிடைக்கும். கழுவிக்கொள்.

செம்பனைக்குள்ளே எடுத்தால் இன்னொரு தொல்லை. மேலே மட்டையும் கீழே புல்லும் பச்சை வெளிச்சத்தைத் தெறிக்கும், முகம் நோயாளி மாதிரி ஆகிவிடும். அந்த இடத்திலேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பிடித்துக்கொள், அல்லது ஆளைத் தோட்டச் சாலை ஓரத்துக்கு நகர்த்திவிடு. ரப்பர்க் காடு நல்லது. வரிசை நேராக இருக்கும், காலை எட்டு மணி வெளிச்சம் சாய்வாக உள்ளே வரும்.

அப்புறம் அந்தக் கோடுகள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. உன் கைப்பேசி வினாடிக்கு 30 பிரேமில், ஷட்டர் 1/60-இல் ஓடினால் இரண்டும் பொருந்தாது, அதுதான் கோடாகத் தெரிகிறது. 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வை, போய்விடும். கைப்பேசியில் அந்த அமைப்பு இல்லை என்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசம், அதில் கையாலேயே மாற்றலாம்.

சென்னைக்கோ புனேவுக்கோ போனால் நல்லதா?
— வாசகர், ஈப்போ

போகிறவர்களைத் தடுக்க மாட்டேன். புனேயில் உள்ள திரைப்பட, தொலைக்காட்சிக் கழகம் 1960-இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கியது. மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்த பாலு மகேந்திரா கடல் கடந்து போய் ஒளிப்பதிவு படித்து, 1969-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தது அங்கேதான். ஆனால் அதன் மூன்றாண்டுத் திரைப்படப் பிரிவுகளில் சேர ஏற்கெனவே ஒரு பட்டம் வேண்டும். இங்கே ஒரு பட்டத்தை முடித்துவிட்டு, அதற்குள் உங்களுக்கு ஒளிப்பதிவா, ஒலியா, இயக்கமா என்று தெரிந்த பிறகு போங்கள். அந்த வரிசையில் போனால் செலவும் வீணாகாது.

சுங்கை சிப்புட்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நினைக்கிறோம். நிர்வாகம் அனுமதி தருமா? எதில் தொடங்குவது?
— மூன்று நண்பர்கள், படிவம் ஆறு

தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள், பள்ளியின் முத்திரையோடு. தோட்டத்தின் எந்தப் பகுதியில், எந்த நேரம், எத்தனை பேர் என்று எழுதுங்கள். டிரோன் பறக்கவிடுவதானால் தனியாகக் கேளுங்கள். இன்று பல தோட்டங்களில் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்பவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நிறையப் பேர். அவர்களிடமும் முகத்தைக் காட்டலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கடப்பிதழ் முதலாளி கையில் இருக்கிற ஆளுக்கு ஒரு படம் என்ன செய்யும் என்று உங்களால் சொல்ல முடியாது.

எதில் தொடங்குவது என்றால், பெரியவர்களில் தொடங்குங்கள், இந்த மாதமே. 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கேயுள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பாடப் புத்தகத்தில் அந்தத் துரைமாரைப் பற்றி ஒரு வரி இருக்கும். அன்றைக்குப் பக்கத்து லயத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்த நம் பாட்டிமார் என்ன பார்த்தார்கள், அதற்குப் பிறகு அரிசி எப்படி வந்தது, ராத்திரியில் யார் கதவைத் தட்டினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அப்போது சிறு பிள்ளையாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கேமராவை மேசை மேல் வைத்துவிட்டு முதல் நாள் சும்மா பேசுங்கள். இரண்டாம் நாள் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், ஒலியில் அது பெரிய இரைச்சல். பெரியவர் சொல்லி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாமல் கொஞ்சம் காத்திருங்கள், பெரும்பாலும் அதற்கப்புறம்தான் முக்கியமானதைச் சொல்வார்கள். பதிவை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

எடுத்து முடித்த பிறகு என்னிடம் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் ஸ்டூடியோவில்தான் இருப்பேன்.